நிலம் மயங்கலாமா?

2025ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் தேதியோடு, புளோரிடாவில் உள்ள டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்காவில் லிபர்ட்டி பெல் என்ற நீராவிப் படகு தன் ஓட்டத்தை நிறுத்திக்கொண்டது. அது சுற்றிவந்த ‘ரிவர்ஸ் ஆஃப் அமெரிக்கா’ என்னும் செயற்கை ஆறும், ஆற்றின் நடுவே இருந்த டாம் சாயர் தீவும் அன்றோடு மூடப்பட்டன. 1971இல் பூங்கா திறந்த நாளிலிருந்து அங்கே தேங்கி நின்ற தண்ணீருக்குப் பதிலாக, பேசும் கார்களைப் பாத்திரங்களாகக் கொண்ட ‘கார்ஸ்’ திரைப்படங்களின் உலகத்தை வைத்து ஒரு புதிய பகுதி அந்த இடத்தில் எழுகிறது. 2024 ஆகஸ்டில் இந்த அறிவிப்பு வந்ததிலிருந்து தீம் பார்க் ரசிகர்கள் இரண்டு கட்சிகளாகப் பிரிந்து வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் ஆற்றின் கட்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுநிலை என்று பாவனை செய்துகொண்டு எழுதினால் இரண்டாவது பத்தியிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

எதிர்க்கட்சித் தலைவர் என்னுடைய நெடுநாள் நண்பர். என்னைவிட எட்டு வயது மூத்தவர் என்பதால் அண்ணன் என்றே அழைத்துப் பழகிவிட்டேன். இரண்டு குடும்பங்களும் சேர்ந்து புளோரிடாவுக்குப் போகும்போதெல்லாம் எந்த ரைடுக்கு எத்தனை மணிக்கு வரிசை குறையும் என்று குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொண்டு படை நடத்துபவர் அவர்தான். அறிவிப்பு வந்த அன்று நான் தொலைபேசியில் புலம்பித் தீர்க்கும்வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், “தம்பி, அந்தப் படகுல நீ கடைசியா எப்போ ஏறினே?” என்று கேட்டார். யோசித்துப் பார்த்தபோது ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. “நீயே ஏறாத படகுக்கு எதுக்குப்பா ஒப்பாரி?” என்று சிரித்தார். அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்றும் முழுமையான விடை இல்லை. ஆனால் அதை விடாமல் துரத்திக்கொண்டு போனதில் வேறு சில விஷயங்கள் தெளிந்தன. இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியது.

2025 ஜூன் மாதக் கடைசியில், படகு நிற்பதற்குச் சில நாள் முன்பு, என் மகளை அழைத்துக்கொண்டு போனேன். துக்க வீட்டுக்குப் போவதுபோல நிறையப் பேர் வந்திருந்தார்கள். அதுவரை படகுக்கு நான் பார்த்திராத வரிசை அன்று நின்றது. மேல் தட்டில் கைப்பிடியை ஒட்டி இடம் கிடைத்தது. பின்புறத்துச் சிவப்புத் துடுப்புச் சக்கரம் மெல்லச் சுழலத் தொடங்கியதும் மகள், “அப்பா, இதுல என்ன நடக்கும்?” என்று கேட்டாள். ஒன்றும் நடக்காது என்றேன். அவள் நம்பவில்லை. ஏதாவது ஒரு திருப்பத்தில் ராட்சதன் எழுந்து வருவான், தண்ணீர் தெறிக்கும், படகு சரியும் என்று ஐந்து நிமிடம் வரை விறைப்பாகவே உட்கார்ந்திருந்தாள். பிறகு தோள்கள் தளர்ந்தன. கரையில் நின்ற வாத்தை எண்ணினாள். தீவின் மரப்பாலத்தில் ஓடிய யாரோ ஒரு சிறுவனுக்குக் கை காட்டினாள். நீராவி ஊதல் காதைப் பிளந்தபோது மட்டும் ஒருமுறை துள்ளினாள். தண்ணீருக்கடியில் இருந்த தண்டவாளம் படகைத் தானே இழுத்துக்கொண்டு போனது என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை. மாலுமி ஓட்டுகிறார் என்றே அவள் நினைத்துக்கொண்டிருக்கட்டும்.

என் கட்சியைச் சேர்ந்தவர்கள் பலரும் சொல்லும் வாதம், திரைப்படங்கள் வந்து பூங்காக்களைக் கெடுத்துவிட்டன என்பது. முன்பெல்லாம் கற்பனையில் உதித்த உலகங்கள் இருந்தன, இப்போது விற்பனைக்குத் தோதான படப் பெயர்கள் மட்டுமே இருக்கின்றன என்பார்கள். இந்த வாதம் வரலாற்றின் முன் நிற்காது. 1955 ஜூலை 17ஆம் தேதி கலிபோர்னியாவின் அனாஹெய்மில் டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டபோது அதன் நடுவில் நின்றது ‘ஸ்லீப்பிங் பியூட்டி’ கோட்டை. அந்தப் படம் திரைக்கு வந்ததோ 1959இல். படத்துக்கு நான்கு ஆண்டுகள் முன்னதாகவே 77 அடி உயர விளம்பரத்தைக் கட்டி வைத்திருந்தார்கள். திறப்பு விழாக் கூட்டத்தில் பல சிறுவர்கள் தலையில் அணிந்திருந்த வால்வைத்த தோல்தொப்பி, சில மாதங்களுக்கு முன் டிஸ்னியின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வந்த டேவி கிராக்கெட் கதையிலிருந்து வந்தது. 1959இல் எழுந்த மேட்டர்ஹார்ன் மலைக்குப் பின்னால் அதே ஆண்டு வந்த மலையேற்றப் படம் ஒன்று இருந்தது. இன்று நாங்கள் கண்ணீர் விடும் டாம் சாயர் தீவுகூட மார்க் ட்வெய்னின் நாவலிலிருந்து எடுத்த பெயர்தான். அந்தக் காலத்தில் பதிப்புரிமை வழக்கறிஞர்கள் உடன் வராத கதை என்பது மட்டுமே வேறுபாடு.

ஆகவே படம் உண்டா இல்லையா என்பதைக் கேள்வியாக வைத்துக்கொண்டால் விவாதம் நகராது. டிஸ்னிலேண்ட் தொடங்கியபோது இருந்த பகுதிகளை எண்ணிப் பார்த்தால் எனக்கு வேறொன்று தோன்றுகிறது. மெயின் ஸ்ட்ரீட், அட்வென்ச்சர்லேண்ட், ஃப்ரண்டியர்லேண்ட், ஃபேன்டசிலேண்ட், டுமாரோலேண்ட் என ஐந்து. ஐந்து நிலம் என்றதும் தமிழ் படித்தவர்களுக்கு நினைவு எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. விளையாட்டாகத்தான் இந்த ஒப்பீட்டைத் தொடங்கினேன். பிறகு அது என்னை விடவில்லை. குறிஞ்சி என்றால் மலை, நள்ளிரவு, யானை, வேங்கை, அவற்றோடு பிரியாமல் ஒட்டிய ஓர் உணர்வு. அட்வென்ச்சர்லேண்ட் என்றால் காடு, ஈரப்பதம், முரசொலி, அவற்றோடு ஒட்டிய மெல்லிய அச்சம். இடமும் பொழுதுமான முதற்பொருளும், அங்கே உள்ளவையான கருப்பொருளும், உணர்வான உரிப்பொருளும் சேர்ந்துதான் ஒரு நிலம் ஆகிறது என்பதை அந்தப் பூங்காவை வடிவமைத்தவர்கள் தங்கள் வழியில் கண்டுபிடித்திருந்தார்கள். ஒரு நிலத்திலிருந்து இன்னொன்றுக்கு நடக்கும்போது தரையின் கல் மாறும், செடி மாறும், இசை மாறும். வெளியூர் மின்கம்பம் எதுவும் கண்ணில் படாதபடி பூங்காவைச் சுற்றி மண்மேடு எழுப்பியிருந்தார்கள்.

ஐந்திணையைப் பாடிய அகக்கவிதைகளுக்குத் தொல்காப்பியம் ஒரு கட்டுப்பாடு விதித்தது: அகத்திணையில் வரும் தலைவனையும் தலைவியையும் பெயர் சொல்லிச் சுட்டக்கூடாது. பெயர் வந்தால் அது புறமாகிவிடும். பெயரில்லாத தலைவியின் இடத்தில் படிப்பவர் யாரும் நிற்கலாம். அட்வென்ச்சர்லேண்டும் அப்படித்தான் இருந்தது. அந்தக் காட்டில் வழி தொலைத்தவர் யார் என்று கேட்டால், நுழைவுச்சீட்டு வாங்கியவர். படத்தின் பெயரோடு ஒரு நிலம் வரும்போது தலைவனுக்குப் பெயர் வந்துவிடுகிறது. அங்கே நாம் யார்? விருந்தினரா, துணைப்பாத்திரமா, வெறும் கூட்டமா? புதிதாக வரும் ஒவ்வொரு பகுதியைப் பற்றியும் ரசிகர்கள் சண்டையிடும்போது, சொற்கள் வேறாக இருந்தாலும் அடியில் கிடப்பது இந்தக் கேள்வி என்றே நினைக்கிறேன்.

இதற்கு இதுவரை கிடைத்த மிக அழகான விடை, என் கணக்கில், டிஸ்னியின் போட்டி நிறுவனமான யுனிவர்சல் ஆர்லாண்டோவில் நடத்தும் பூங்காவில் உள்ள, ஹாரி பாட்டர் கதையின் மந்திரக் கடைத்தெருவான டயகான் ஆலி. 2010 ஜூன் 18ஆம் தேதி அடுத்த பூங்காவான ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சரில் ஹாரி பாட்டரின் ஹாக்ஸ்மீட் கிராமம் திறக்கப்பட்டபோதே துறை முழுவதும் நிமிர்ந்து உட்கார்ந்தது. துறைச் சங்கம் ஆண்டுதோறும் வெளியிடும் மதிப்பீட்டின்படி 2009இல் சுமார் 46 லட்சம் பேர் வந்த அந்தப் பூங்காவுக்கு 2011இல் சுமார் 77 லட்சம் பேர் வந்தார்கள். அதற்குப் பிறகு எந்த நிறுவனத்தின் கூட்டத்திலும் ‘காடு’, ‘எதிர்காலம்’ என்ற பெயரில் ஒரு நிலம் கேட்டு யாரும் எழுந்து நின்றிருக்க முடியாது. அந்த வெற்றியின் தொடர்ச்சியாக 2014 ஜூலை 8இல் டயகான் ஆலி வந்தது. அதற்காக 2012 தொடக்கத்தில் இடிக்கப்பட்டது, 1990 முதல் அங்கே இருந்த ‘ஜாஸ்’ சுறாப் படகு. அதுவும் படத்தை வைத்த ரைடுதான். அதற்கும் அப்போது ஒப்பாரி வைத்தோம்.

டயகான் ஆலிக்குள் நுழையும் விதத்தைச் சொல்ல வேண்டும். வெளியே லண்டன் தெரு ஒன்றின் முகப்புகள் வரிசையாக நிற்கின்றன. ரயில் நிலையம், புத்தகக் கடை, வீடுகள். உள்ளே மந்திரத் தெரு இருக்கிறது என்று எழுதிய பலகை எங்கும் கிடையாது. ஒரு வீட்டின் மேல்மாடிச் சன்னலை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் திரையை விலக்கி ஒரு சுருங்கிய முகம் எட்டிப் பார்த்துவிட்டு மறையும். சிவப்புத் தொலைபேசிக் கூண்டில் 62442 என்று சுழற்றினால் மந்திர அமைச்சகம் பேசும். இதையெல்லாம் யாரும் நமக்குச் சொல்வதில்லை. உடைந்த செங்கற்சுவரின் இடுக்கில் புகுந்து திரும்பியதும், தெருவின் இரைச்சல் பின்னால் அறுந்து, கோணல்மாணலாகச் சாய்ந்த கடைகளின் நடுவே நிற்கிறோம். தெருக்கோடியில் வங்கியின் கூரைமேல் வெளிறிய டிராகன் ஒன்று படுத்திருக்கிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது உறுமி நெருப்பைக் கக்கும்போது, கீழே முப்பதடி தள்ளி நிற்பவர் நெற்றியிலும் அனல் படும். என் மகளுக்கு அப்போது அந்தக் கதையே தெரியாது. அவளுக்குப் படத்தின் நினைவு தேவைப்படவில்லை; கோணலான தெருவும் அனலும் போதுமானதாக இருந்தன.

கதாநாயகனின் பெயர் தெருவெல்லாம் நிறைந்திருந்தும் அவனை அங்கே நேரில் காண முடியாது. கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்ள ஹாரி வந்து நிற்பதில்லை. பள்ளிக்குப் போகுமுன் சாமான் வாங்க எல்லாரும் வரும் கடைத்தெரு அது. நாமும் சாமான் வாங்க வந்தவர்கள். அந்த வேடம் எவருக்கும் பொருந்துகிறது, கூடவே நிறுவனத்தின் கல்லாவும் நிறைகிறது என்பதை மறுப்பதற்கில்லை. மந்திரக்கோல் ஒன்றுக்கு அவர்கள் கேட்கும் விலையில் உண்மையாகவே மந்திரம் நடந்தாக வேண்டும். இரண்டு பகுதிகளையும் இணைக்கும் ரயிலில் ஏறுவதற்கு இரண்டு பூங்காக்களுக்குமான நுழைவுச்சீட்டு வேண்டும் என்ற ஏற்பாட்டைச் செய்தவர் யாராக இருந்தாலும், வணிக உலகில் அவருக்குச் சிலை வைக்கலாம்.

‘அவதார்’ படத்தின் உலகமான பண்டோராவின் கதை இதற்கு நேர்மாறான இடத்திலிருந்து தொடங்கியது. 2011இல் டிஸ்னி, ‘அவதார்’ படத்தை வைத்து அனிமல் கிங்டம் பூங்காவில் ஒரு பகுதி அமைக்கப்போவதாக அறிவித்தபோது, அதை எள்ளி நகையாடாத ரசிகர் அரிது. அண்ணனும் நானும் ஒரே கட்சியில் இருந்த அபூர்வமான காலம் அது. வசூலில் சாதனை படைத்த படத்தின் ஒரு பாத்திரத்தின் பெயரையாவது யாராவது சொல்லுங்கள் பார்ப்போம் என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தோம். அந்தப் பூங்காவின் முத்திரையிலேயே ஒரு டிராகன் இருக்கிறது. புராண விலங்குகளுக்காக முதலில் திட்டமிட்டுக் கடைசிவரை கட்டப்படாமல் போன பகுதியின் மிச்சம் அது. அந்தக் கனவு இருந்த இடத்தில் நீல மனிதர்களா என்று பொருமினோம். 2017 மே 27ஆம் தேதி பண்டோரா திறந்தது. மிதக்கும் மலைகளின் கீழே முதன்முதலாக நின்றபோது அண்ணன் எதுவும் பேசாமல் அரை நிமிடம் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். குறிப்பேட்டைத் திறக்கவில்லை.

அங்கே பறக்கும் விலங்கின் முதுகில் ஏறும் ரைடு ஒன்று உண்டு. இருசக்கர வாகனத்தில் உட்காருவதுபோல உட்கார்ந்ததும், திரையில் படம் தொடங்குவதற்கு முன்பே, இரண்டு முழங்கால்களுக்கும் இடையில் அந்த விலங்கு மூச்சு விடத் தொடங்கும். விலா விரிந்து சுருங்குவது காலில் படும். பிறகு வரும் அருவியும் கடலும் மறந்துவிட்டன. அந்த மூச்சு மட்டும் மறக்கவில்லை. பண்டோராவை வடிவமைத்த குழு, படத்தின் கதை முடிந்து பல தலைமுறை கழிந்த ஒரு காலத்தில் அந்த இடத்தை நிறுத்தியது. போர் முடிந்துவிட்டது, காடு மீண்டுகொண்டிருக்கிறது, நாம் பார்வையாளராக வந்திருக்கிறோம். தலைவனின் பெயர் வேண்டாம் என்று வைத்துவிட்டுக் கருப்பொருளை மட்டும் கொட்டி நிரப்பினார்கள். யாருக்கும் பாத்திரங்களின் பெயர் நினைவில்லை என்ற எங்கள் கேலிதான் கடைசியில் அந்தப் பகுதியின் பலமாயிற்று.

அதே முயற்சி ‘ஸ்டார் வார்ஸ்’ விஷயத்தில் வேறு விதமாகப் போனது. இன்றுவரை ரசிகர்கள் அடங்காமல் வாதிடுவது இதைப் பற்றித்தான். 2019 மே 31இல் கலிபோர்னியாவிலும் ஆகஸ்ட் 29இல் புளோரிடாவிலும் திறந்த கேலக்ஸிஸ் எட்ஜ், ஒவ்வொன்றும் 14 ஏக்கர் பரப்பு. படங்களில் கண்ட பாலைவனக் கோளையோ பனிக் கோளையோ கட்டாமல், எந்தப் படத்திலும் வராத பட்டூ என்ற கோளைப் புதிதாக உருவாக்கினார்கள். உங்கள் சொந்த ஸ்டார் வார்ஸ் கதையை நீங்களே வாழுங்கள் என்பது அதன் நோக்கம். அங்கே வேலை செய்பவர்கள் அந்த ஊர்க்காரர்களாகவே நடந்துகொள்வார்கள். பகலில் ‘பிரகாசமான சூரியன்கள்’ என்று வாழ்த்துவார்கள். குளிர்பானப் புட்டி உருண்டையாக இருக்கும். காலம், கடைசி முப்படத் தொடரின் நடுப்பகுதி என்று திட்டவட்டமாக வரையறுக்கப்பட்டது. ஆகவே கருப்புக் கவசம் அணிந்த வில்லன் டார்த் வேடர் அங்கே வர முடியவில்லை. பழைய படங்களின் நாயகனான இளமையான லூக்கும் வர முடியவில்லை. நாற்பது ஆண்டுகளாக உலகம் முணுமுணுத்துவந்த அந்த இசைகூடத் தெருவில் ஒலிக்கவில்லை. ஊரின் இயல்பான ஓசைகள் மட்டுமே கேட்டன.

புறக்கதையை எடுத்துக்கொண்டு அகப்பாட்டு எழுத முனைந்த துணிச்சல் இது, எனக்கு இதன்மேல் தனி மரியாதை உண்டு. ஆனால் மக்கள் பெயர்களைத் தேடித்தான் வந்திருந்தார்கள். பண்டோராவுக்கு எந்தப் பெயரும் மனத்தில் இல்லாமல் போனவர்கள், இங்கே குழந்தைப் பருவம் முழுவதும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பத்துப் பெயர்களோடு வந்து, அவர்கள் எங்கே என்று கேட்டார்கள். எங்கள் குழுவில் அண்ணனின் மகன் கருப்புக் கவசத்தானைத் தேடித் தேடிக் களைத்து, “அவரு வேற காலத்துல இருக்காருப்பா” என்று அவன் அப்பா சொன்ன விளக்கத்தைக் கேட்டு விழித்ததை நான் மறக்கவில்லை. விளக்கம் சரியானதுதான். எட்டு வயதுக்காரனிடம் காலவரிசைக் குறிப்பை நீட்ட வேண்டியிருந்ததே, அங்கேதான் தப்பு.

2022இல் கலிபோர்னியாவில் அந்த விதி முதலில் தளர்ந்தது. காலக்கணக்குக்குப் பொருந்தாத போபா ஃபெட்டும், பிறகு மண்டலோரியனும் அவன் கைக்குழந்தையும் தெருவில் நடமாடத் தொடங்கினார்கள். 2026 ஏப்ரல் கடைசியிலிருந்து வேடர், லூக், லேயா, ஹான் எல்லாருமே அங்கே வருவார்கள் என்றும் நிறுவனம் அறிவித்தது. அண்ணனுக்கு இது வெற்றி; எனக்கு இரண்டு மனம். பட்டூவில் மாலை கவியும் வேளையில், கப்பல்கள் தலைக்குமேல் உறுமிப்போகும் ஓசையை மட்டும் கேட்டுக்கொண்டு அந்தச் சந்தைத் தெருவில் நடந்தவர்களுக்கு நான் எதை இழக்கிறேன் என்று தெரியும். அதே உலகத்தை இரண்டு இரவு தங்கும் விடுதியாகக் கட்டி, இரண்டு பேருக்கு ஏறக்குறைய 4,800 டாலர் கேட்டு, 2022 மார்ச்சில் திறந்து 2023 செப்டம்பரில் மூடியதை இங்கே விரிக்கப் போவதில்லை. அந்தத் தோல்விக்குக் கலைக் கொள்கையில் காரணம் தேட வேண்டியதில்லை, விலைச்சீட்டே போதும்.

இனி ஆற்றுக்கு வருகிறேன். கார்ஸ் படங்களின்மேல் எனக்கு வெறுப்பில்லை. கலிபோர்னியா அட்வென்ச்சர் பூங்காவில் 2012 ஜூன் 15இல் திறந்த கார்ஸ் லேண்ட், டயகான் ஆலிக்கு அடுத்தபடியாக நான் மதிக்கும் இடம். 2001இல் சோபையிழந்து தொடங்கிய பூங்காவை மீட்டெடுத்ததில் அதற்குப் பெரும் பங்குண்டு. அந்தி சாயும்போது தெருவின் நியான் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கும் அந்தச் சில நிமிடங்களுக்காகவே போகலாம். அங்கே கார்களுக்கென்று ஓர் ஊர் கட்டினார்கள். ஊர் முழுவதும் ஒரே மொழி பேசுகிறது. புளோரிடாவில் நடப்பது வேறு. அமெரிக்க எல்லைப்புறத்தைக் காட்டும் ஃப்ரண்டியர்லேண்ட் என்ற பழைய நிலத்துக்குள் கண்ணும் வாயும் வைத்த கார்கள் வருகின்றன. இது எல்லைப்புறத்தின் நீட்சி, மலையும் வெந்நீர் ஊற்றும் உள்ள தேசியப் பூங்காவின் நிலக்காட்சி என்று நிறுவனம் விளக்குகிறது. ஆனால் பக்கத்திலேயே 18ஆம் நூற்றாண்டு அமெரிக்காவான லிபர்ட்டி ஸ்கொயர். அதன் கோடியில் ஆற்றைப் பார்த்து நின்ற ஹாண்டட் மேன்ஷன். அந்தப் பேய் மாளிகையின் வரிசையில் நிற்கும்போது முன்பெல்லாம் ஆற்றிலிருந்து படகின் ஊதல் கேட்கும். அது யாரும் விலைகொடுத்து வாங்காத பின்னணி இசை.

தொல்காப்பியத்தில் இதற்கும் ஒரு விதி உண்டு என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஒரு திணைக்குரியது இன்னொரு திணையில் மயங்கி வருவதைப் புலவர்கள் விலக்குவதில்லை; ஆனால் நிலமும் நிலமும் ஒருங்கே மயங்கக் கூடாது. தீம் பார்க் விவாதங்களில் நான் கண்ட கோபங்களில் பெரும்பாதியை இந்த ஒரு வரி விளக்கிவிடுகிறது. டிஸ்னியின் எப்காட் பூங்காவின் நார்வே அரங்கில், உண்மையான நாடுகளுக்கான வளாகத்தில், மேல்ஸ்ட்ராம் படகு ரைடை 2014இல் மூடிவிட்டு 2016இல் ‘ஃப்ரோசன்’ கதையை வைத்தபோது எழுந்த கசப்பு படத்தின் மேல் எழவில்லை; இல்லாத நாடு ஒன்று இருக்கும் நாட்டின் வீட்டுக்குள் குடியேறியதன் மேல் எழுந்தது. அதே ஃப்ரோசனுக்கு 2023இல் ஹாங்காங்கில் தனி நிலம் கொடுத்தபோது அந்தச் சச்சரவு எழ வழியே இல்லை.

அண்ணன் இதையெல்லாம் கேட்டுவிட்டு, “உனக்குப் பத்து வயசுக்குள்ள பார்த்தது எல்லாம் அசல், அப்புறம் வந்தது எல்லாம் கலப்படம். அவ்வளவுதானே தம்பி?” என்றார். வலித்தது, ஏனென்றால் அதில் பாதி உண்மை. அனிமல் கிங்டமில் இருந்த டைனோசர் ரைடு 2026 தொடக்கத்தில் மூடப்பட்டபோது, அசலான ரைடு ஒன்றை இண்டியானா ஜோன்ஸுக்குப் பலி கொடுக்கிறார்கள் என்று வருந்தினோம். 1998இல் வேறு பெயரில் திறந்த அந்த ரைடுக்கு, 2000இல் டிஸ்னியின் டைனோசர் படம் வந்ததை ஒட்டித்தான் அந்தப் பெயரே வந்தது என்பது வருந்தியவர்களில் பலருக்கு நினைவில்லை. டிஸ்னிலேண்டின் மரவீடு இன்னும் வேடிக்கை. 1962இல் தீவில் சிக்கிய சுவிஸ் குடும்பத்தின் படத்தை வைத்துக் கட்டியது, 1999இல் டார்சான் வீடானது, 2023இல் மீண்டும் பழைய குடும்பத்தின் சாயலோடு அட்வென்ச்சர்லேண்ட் மரவீடானது. குடியிருந்தவர்கள் மாறினார்கள், ஏறி இறங்கும் மரம் அப்படியே இருக்கிறது.

படம் செத்த பிறகும் நிலம் வாழும் என்பதற்கு என்னிடம் இரண்டு சான்றுகள் உண்டு. ‘வாட்டர்வேர்ல்ட்’ என்ற 1995ஆம் ஆண்டுப் படம் பணத்தை விழுங்கிய படமாகவே பேசப்பட்டது. அதே ஆண்டு ஹாலிவுட் யுனிவர்சலில் தொடங்கிய அதன் சாகசக் காட்சியோ முப்பது ஆண்டு தாண்டி நடக்கிறது. அங்கே நனைந்துகொண்டு கைதட்டுபவர்களில் படத்தைப் பார்த்தவர் எத்தனை பேர் இருப்பார்கள்? இரண்டாவது சான்று இன்னும் சுவையானது. 2017இல் யுனிவர்சல் தன் பழைய பேய்ப் படங்களைப் புதுப்பித்து ‘டார்க் யுனிவர்ஸ்’ என்ற பெயரில் ஒரு படத்தொடரை அறிவித்தது. முதல் படமே சரிந்ததும் திட்டம் கைவிடப்பட்டது. அந்தப் பெயர் 2025 மே 22இல் ஆர்லாண்டோவில் திறந்த எபிக் யுனிவர்ஸ் பூங்காவில் ஒரு நிலமாக எழுந்து நிற்கிறது. 1931இன் ஃபிராங்கன்ஸ்டைனையும் டிராகுலாவையும் திரையில் கண்டிராத பிள்ளைகள் அந்த இருண்ட கிராமத்தில் சுற்றிவருகிறார்கள். டாக்டர் ஃபிராங்கன்ஸ்டைனின் வழிவந்த பெண் ஒருத்தி பாட்டனின் வேலையைத் தொடர்கிறாள் என்பது ரைடின் கதை. எந்தப் படத்தையும் முன்கூட்டிப் பார்த்திருக்க வேண்டியதில்லை.

மேஜிக் கிங்டமில் ஆறு இருந்த இடத்துக்கு அப்பால், டிஸ்னி படங்களின் வில்லன்களை வைத்து எழப்போகும் நிலத்தைப் பற்றி இப்போதே சண்டை தொடங்கிவிட்டது. அதில் நான் சேரவில்லை. ஓவியங்களைப் பார்த்து ஒரு நிலத்தைத் தீர்மானித்து நாங்கள் ஏற்கெனவே ஒருமுறை மிதக்கும் மலைகளின் கீழே வெட்கப்பட்டு நின்றிருக்கிறோம்.

அப்படியானால் நான் ஏழு ஆண்டுகள் ஏறாத படகுக்கு ஏன் அழுதேன்? அண்ணனுக்கு நான் கடைசியாகச் சொன்ன பதில் இது. அந்த ஆற்றில் படகேறுவதற்காக நான் பூங்காவுக்குப் போனதில்லை. மற்ற இடங்களிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நண்பகல் வெயிலில் பிள்ளைகள் சிணுங்கத் தொடங்கும்போது கரையோரச் சுவரில் சாய்ந்து நின்றிருக்கிறேன். பேய் மாளிகையின் வரிசையில் ஊதலைக் கேட்டிருக்கிறேன். எத்தனை பேர் ஏறினார்கள் என்று எண்ணும் கணக்கில் இந்தப் பயன் எதிலும் பதிவாகாது. புதிய நிலத்தில் மணிக்கு இத்தனை பேர் ரைடில் ஏறலாம் என்று அவரால் குறிப்பேட்டில் எழுத முடியும். கரையில் நின்றவர்களை எந்தக் கட்டத்தில் எழுதுவார்?

அவர் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “சரி, அதையும் எழுதறேன். ஆனா கார்ஸ் திறந்த முதல் வாரம் நாம போறோம். காலையில ஆறு மணிக்கே கிளம்பணும், லேட் பண்ணாதே” என்றார். சரி அண்ணே என்றேன்.